கடைந்த மரத்துக்கு உப்புத்தாள்: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

மாமரத்தில் நான் முதன்முதலாகக் கடைசல் இயந்திரத்தில் (லேத்தில்) கடைந்த கிண்ணம், வேலை முடிந்து, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் நின்றபோது அப்பழுக்கில்லாமல் தெரிந்தது. விரலால் தடவினால் வழுக்கியது. 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை வந்திருந்தேன். கடைசித் தாளுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுத்திருந்தேன். பிறகு எண்ணெய் பூசினேன். எண்ணெய் ஊறிய இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கோடுகள் எழுந்தன, இசைத்தட்டின் வரிகளைப் போல, விளிம்பிலிருந்து நடுவரை. 400 நம்பர் தாளை எடுத்து மீண்டும் தேய்த்தேன். கோடுகள் மினுங்கின, போகவில்லை.

அவை 80 நம்பர் தாள் போட்ட கோடுகள். அந்தத் தாளை நான் பிடித்திருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கடைசல் பழகுபவரிடம் உப்புத்தாளைப் பற்றி ஒன்றை மட்டுமே சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: நேரத்தை முதல் தாளில் செலவிடுங்கள். ஏன் என்று விளங்க, தாள் மரத்தை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தாள் செய்யும் வேலை

உப்புத்தாளைத் தொட்டால் உப்புப் பரல்போல நறநறக்கிறது அல்லவா, அந்தப் பரல் ஒவ்வொன்றும் ஒரு சிறு உளி. தன் பருமனுக்கு ஏற்ற ஆழத்தில் மரத்தை ஒரு வாய்க்காலாகக் கீறிக்கொண்டு போகிறது. வாய்க்கால்கள் விரலுக்கும் கண்ணுக்கும் எட்டாத அளவுக்குச் சிறுத்துவிட்ட நிலையைத்தான் மழமழப்பு என்கிறோம். கீறலே இல்லாத பரப்பை எந்தத் தாளும் தருவதில்லை. முந்தைய தாளின் கீறலை அழித்து, அங்கே தன்னுடைய சிறிய கீறலைப் போடுவதே ஒவ்வொரு தாளுக்கும் உரிய வேலை.

ஒரு பள்ளத்தை அழிக்க, அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மரம் முழுவதும் இறங்கியாக வேண்டும். 80 நம்பர் போட்ட பள்ளத்தின் அடியை 120 நம்பர் சிறிது நேரத்தில் எட்டிவிடும். 400 நம்பருக்கு அந்த வேலையைக் கொடுப்பது ஏரியைச் சொம்பால் இறைப்பதற்குச் சமம். அது மேட்டை மட்டும் மினுக்கிவிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடும். மரம் உலர்ந்திருக்கும்போது மேட்டின் மினுக்கம் பள்ளத்தை மறைக்கிறது. எண்ணெயோ வார்னிஷோ பள்ளத்தில் தங்கிக் கருத்தவுடன் கோடு தெரிகிறது.

நம்பர் கூடக் கூடப் பரல் சிறுக்கும். பரலைச் சலிக்கும் வலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்கள் என்று எண்ணியதிலிருந்து வந்த வழக்கம் இது. கண்கள் அதிகமானால் ஒவ்வொரு கண்ணும் சிறியது, அதில் விழும் பரலும் சிறியது. பி 80 தாளின் பரல் சராசரியாக 200 மைக்ரான் பருமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பி 120இல் அது 125 மைக்ரான், பி 180இல் 82, பி 240இல் 58, பி 320இல் 46, பி 400இல் 35. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். 80இலிருந்து 120க்குப் போகும்போது பருமன் 75 மைக்ரான் இறங்குகிறது. 320இலிருந்து 400க்கு வெறும் 11 மைக்ரான்தான். பெரிய வேலை எல்லாம் ஏணியின் முதல் இரண்டு படிகளில்தான் நடக்கிறது.

எண்ணுக்கு முன்னால் உள்ள ‘பி’ என்ற எழுத்தைக் கவனிக்க வேண்டும். அது ஐரோப்பிய அளவுமுறையின் அடையாளம். அந்த எழுத்து இல்லாத தாள் அமெரிக்க அளவுமுறையில் இருக்கக்கூடும். 220 வரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்கு மேல் விலகிவிடும். அமெரிக்க 320 நம்பர், பி 400க்கு அருகில் வரும். அமெரிக்க 400 நம்பரோ பி 800க்கு அருகில் போய்விடும். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு, ‘320க்குப் பிறகு 400’ என்று நம்பி நீங்கள் தாண்டும் படி, நினைப்பதைவிட இரு மடங்கு உயரமாக இருக்கலாம். ஒரே அளவுமுறையில் முழு வரிசையையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு எவ்வளவு தாண்டலாம்? கையிலிருக்கும் நம்பரை ஒன்றரையால் பெருக்குங்கள். அடுத்த தாள் அந்த எண்ணை மிஞ்சக் கூடாது. 80, 120, 180, 240, 320, 400 என்ற வரிசை இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. 240 கிடைக்காத கடையில் 220 கிடைக்கும், அதுவும் சரிதான். 80இலிருந்து நேராக 220க்குத் தாண்டினால் ஒரு தாளின் காசு மிஞ்சும், கிண்ணம் மிஞ்சாது.

கடைசலில் மட்டும் ஏன் இத்தனை கவனம்?

மேசைப் பலகையைத் தேய்க்கும் தச்சர் நாரோட்டத்தின் வழியே தேய்க்கிறார். அவர் போடும் கீறல் மரத்தின் நார்களோடு நார்களாக மறைந்துவிடுகிறது. கடைசலில் மரம் சுழல்கிறது, தாள் நிற்கிறது. எனவே கீறல்கள் எல்லாம் வட்டமாகவே விழும். சப்பாத்திக் கட்டை, கட்டில் கால், மத்து போன்ற நீளப் பொருள்களில் நார் நெடுக்காக ஓடும், கீறலோ ஒவ்வொன்றும் குறுக்காக வெட்டும். நாருக்குக் குறுக்காக, சம இடைவெளியில் ஓடும் கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும்.

இதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நம்பரும் முடிந்தவுடன் இயந்திரத்தை நிறுத்துங்கள். அதே தாளால், நார் ஓடும் திசையில் கையால் நெடுக்காகத் தேயுங்கள். சப்பாத்திக் கட்டைக்கு இது இருபது, முப்பது நொடி வேலை. வட்டக் கோடுகள் உடைந்துவிடும். அடுத்த தாள் வரும்போது எஞ்சிய வட்டக் கோடு எது, கையால் போட்ட நெடுக்குக் கோடு எது என்று பிரித்தறியவும் முடியும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கைக்கொண்டால் நீளப் பொருள்களில் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

கிண்ணத்தின் கதை வேறு. பலகையிலிருந்து வெட்டிய கிண்ணத்தில் நார், கிண்ணத்தின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நேராக ஓடுகிறது. கிண்ணம் ஒரு முறை சுற்றும்போது உளியும் தாளும் நாரின் பக்கவாட்டை இரண்டு முறையும், நார் முனையை இரண்டு முறையும் சந்திக்கின்றன. நார் முனை என்பது ஒரு கட்டுத் துடைப்பத்தை அதன் அடியிலிருந்து பார்ப்பது போன்றது. அங்கே மொட்டை உளி பட்டால் நார் அறுபடாமல் பிய்ந்துவரும். எதிரெதிராக இரண்டு இடங்களில் சொரசொரப்பான திட்டுகள் தோன்றும். புதிதாகக் கிண்ணம் கடைந்த ஒவ்வொருவருக்கும் இந்தத் திட்டுகள் தெரிந்திருக்கும்.

அவற்றைத் தாளால் போக்க முயல்வது வீண். பிய்ந்த நாரின் வேர் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூட இருக்கும். அவ்வளவு மரத்தைத் தாளால் இறக்குவதற்குள் மென்மையான பக்கவாட்டு மரம் கூடுதலாகத் தேய்ந்து, கிண்ணம் வட்டம் கெட்டுவிடும். இயந்திரத்தை நிறுத்தி, உளியைச் சாணை பிடித்து, நூல் போன்ற மெல்லிய சீவல் வரும்படி இரண்டு முறை இழுங்கள். அப்போதும் அடங்காத நாருக்கு, ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கை ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு மறுபடி இழுக்கலாம். அரக்கு நாரை விறைக்கச் செய்யும், விறைத்த நார் உளிக்கு மடங்காமல் அறுபடும். ஐந்து நிமிடச் சாணை, அரை மணி நேர 80 நம்பரை மிச்சப்படுத்துகிறது.

முதல் தாள் எது என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. வழக்கத்துக்காக 80இல் தொடங்க வேண்டியதில்லை. நான் 180ஐ எடுத்து அரை நிமிடம் பிடித்துப் பார்ப்பேன். உளித்தடம் போகிறதென்றால் அங்கேயே தொடங்கலாம். போகவில்லையென்றால் 120க்கு இறங்குவேன். அதற்கும் அசையவில்லை என்றால்தான் 80. உளி நன்றாக வேலை செய்திருந்தால் 80 நம்பர் தாள் பெட்டியிலேயே கிடக்கும். தேவையில்லாமல் 80ஐப் பிடிப்பது, நாமே குழி தோண்டி நாமே நிரப்புவதாகும்.

எந்தத் தாள்?

மரக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் பொதுவாகக் கிடைப்பது பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடு தாள். கடினமான பரல், நெடுநேரம் உழைக்கும், கடைசலுக்கு இது போதும். பெயின்டர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்று சொல்லும் கருப்புத் தாளில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. அது அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது, கூர்மையானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. நனைத்துத் தேய்க்க ஏற்றது. 320க்கு மேற்பட்ட நுண்ணிய நம்பர்களுக்கும், பூச்சுகளுக்கு இடையில் தேய்ப்பதற்கும் அதை வைத்துக்கொள்ளலாம். வெண்மையான மரத்தில் மட்டும் கவனம் வேண்டும், அதன் கருந்தூள் நார்த்துளைகளில் ஏறிக்கொண்டால் துடைத்து எடுப்பது கடினம்.

செம்மணிக் கல்லான கார்னெட் பரல் ஒட்டிய தாள், பழைய தச்சர்கள் விரும்பிப் பயன்படுத்தியது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் செந்நிறமாகப் படிந்திருக்கும் மணலில் இருப்பதும் இதே கார்னெட்தான். மென்மையாக வெட்டும், ஆனால் சுழலும் மரத்தின் வேகத்தில் சீக்கிரம் மழுங்கிவிடும். செராமிக் பரல் தாள்கள் விலை கூடியவை, துரப்பணத்தில் (டிரில்லில்) மாட்டித் தேய்க்கும் வட்டத் தாள்களில் அவற்றின் பயன் நன்றாகத் தெரியும்.

பரலைவிடப் புதியவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது தாளின் முதுகை. காகித முதுகுள்ள தாள் மலிவு, ஆனால் வளைவில் மடங்கி முறியும். முறிந்த மடிப்பின் கூர்விளிம்பு கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு தனிக் கோட்டைப் போட்டுவிடும். மெல்லிய துணி முதுகுள்ள தாள் வளைவுக்கு ஏற்ப வளையும், எளிதில் கிழியாது, கூடுதலாக உழைக்கும். கடைசலுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். சில தாள்களின் மேல் வெண்மையான மாவு போன்ற பூச்சு இருக்கும். அது மரத்தூள் பரல்களுக்கிடையே அடைத்துக்கொள்வதைத் தடுப்பதற்கு. பிசின் நிறைந்த மரங்களுக்கு அது மிக உதவும்.

முழுத்தாள் 230க்கு 280 மில்லிமீட்டர் இருக்கும். அதை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்தால் இரு மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மூன்றாக மடித்தால் ஒரு பரல் முகம் மற்றொரு முதுகைப் பற்றிக்கொண்டு நழுவாமல் நிற்கும், விரலுக்கும் மரத்துக்கும் இடையே மெத்தென்ற கனமும் கிடைக்கும். வெட்டக் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், அதன் வாய் மழுங்கிவிடும். பழைய ஹேக்ஸா பிளேடு ஒன்றைப் பலகையின் ஓரத்தில் இரண்டு திருகால் பொருத்திவைத்தால் தாளை அதற்குள் செருகிக் கிழிக்கலாம். கிழித்த ஒவ்வொரு துண்டின் முதுகிலும் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அச்சிட்ட நம்பர் ஏதாவது ஒரு துண்டில்தான் முழுதாக இருக்கும்.

தேய்ந்த தாளைத் தூக்கி எறிய மனம் வராதது பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. மழுங்கிய பரல் வெட்டுவதில்லை, உரசிச் சூடேற்றுகிறது. 120 நம்பர் தாள் தேய்ந்துவிட்டால் அது 180 ஆகிவிடாது.

பிடிக்கும் முறை

முதலில் டூல் ரெஸ்ட் எனப்படும் உளித் தாங்கியைக் கழற்றி அப்பால் வையுங்கள். தாள் பிடிக்கும்போது நடக்கும் விபத்துகளில் கொடியது, விரல் தாங்கிக்கும் சுழலும் மரத்துக்கும் இடையில் சிக்குவது. தொங்கும் சட்டைக்கை, துண்டு, துப்பட்டா, வளையல், மோதிரம், அவிழ்ந்த கூந்தல் எதுவும் மரத்தின் அருகில் வரக் கூடாது. கையுறையும் வேண்டாம். தாளை விரலில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். தாள் பிடுங்கப்பட்டால் அது மட்டும் போக வேண்டும், விரலை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

இயந்திரத்தின் முன்னே நிற்கும்போது மரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வருகிறது, முன்பக்கம் கீழே இறங்குகிறது, அடிப்பக்கம் உங்களைவிட்டு விலகிப் போகிறது. நீளப் பொருளுக்குத் தாளை அடிப்பக்கத்தில் பிடியுங்கள். அங்கே மரம் தாளை உங்களிடமிருந்து அப்பால் இழுக்கும். கை தவறினாலும் தாள் பின்னால் பறந்து போகும், தூளும் முகத்தில் அடிக்காது. மேற்பரப்பு மறைவில்லாமல் கண்முன் சுழல்வதால் நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். கிண்ணத்தின் உட்புறத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் உள்ள பகுதியே தாளுக்கு உரிய இடம். விரல் நுனிகள் சுழற்சி போகும் திசையிலேயே, கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எதிர்த்திசையில் நீட்டிய விரலை மரம் மடக்கிவிடும்.

வேகம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். விட்டத்தைச் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. 25 சென்டிமீட்டர் கிண்ணம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் வேகத்தில் தாளைக் கடக்கிறது. அதே கிண்ணத்தை 1500 சுற்றில் விட்டால் 20 மீட்டர். 5 சென்டிமீட்டர் சப்பாத்திக் கட்டைக்கு 600 சுற்றில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆகவே பெரிய கிண்ணத்துக்கு 300 முதல் 500 வரையிலும், மெல்லிய நீளப் பொருளுக்கு 800 முதல் 1000 வரையிலும் வைத்துத் தொடங்கலாம். பொதுவாக, கடைந்த வேகத்தில் பாதி என்று கொண்டால் தவறாது.

வேகம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். நடப்பது வேறு. பரல் மரத்தில் கடித்து வெட்டுவதற்குப் பதிலாக மேலே வழுக்கிக்கொண்டு சூடாக்கும். சூடேறிய நார் முனையில் முடிபோன்ற நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். கருங்காலி போன்ற அடர்ந்த மரங்களில் இது மிக எளிதில் நேரும். ஒருமுறை வெடித்தால் அந்த வெடிப்பைக் கடைந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு வெப்பமானி தேவையில்லை. தாளின் முதுகில் இருக்கும் விரல் சுடுகிறது என்றால் மரம் அதைவிட அதிகமாகச் சுடுகிறது. கையை எடுங்கள். அதனால்தான் விரலுக்குத் தடித்த மெத்தை எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்கிறேன், விரல் சூட்டை உணர வேண்டும்.

தாளை ஒரே இடத்தில் நிறுத்திவைக்காமல் இடமும் வலமும் மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள். நின்ற தாள் ஆழமான வட்டங்களைப் போடும். நகரும் தாளின் கீறல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி ஒன்றோடொன்று கலந்து அடங்கும். அழுத்தம் குறைவாக இருக்கட்டும், பூனையின் முதுகைத் தடவும் அளவு.

கிண்ணத்தின் நடுப்புள்ளியைத் தனியே சொல்ல வேண்டும். விளிம்பு 8 மீட்டர் ஓடும் நேரத்தில் பாதித் தொலைவிலுள்ள இடம் 4 மீட்டர்தான் ஓடுகிறது. மையம் அசைவதே இல்லை. எவ்வளவு நேரம் தாளைப் பிடித்தாலும் மையத்தில் உளித்தடம் அப்படியே இருக்கும். பலருடைய கிண்ணங்களிலும் நடுவில் ஒரு சிறு முடிச்சோ சுழியோ எஞ்சி நிற்பது இதனால்தான். இயந்திரத்தை நிறுத்தி, அந்தக் காசளவு இடத்தைக் கையால் தேய்க்க வேண்டும்.

எதிர்த்திசையில் சுழலும் வசதி உள்ள இயந்திரம் இருந்தால் ஒவ்வொரு நம்பரிலும் பாதி நேரம் முன்னும் பாதி நேரம் பின்னும் சுழல விடுங்கள். ஒரு திசையில் தாளுக்குப் படிந்து படுத்துக்கொண்ட நார், மறு திசையில் எழுந்து அறுபடும். சக்கு திருகால் மட்டும் பொருந்தியிருந்தால் எதிர்ச்சுழற்சியில் கழன்று பறக்கும் ஆபத்து உண்டு. பூட்டுத் திருகு இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள்.

அடுத்த நம்பருக்கு எப்போது போகலாம்?

இதற்குக் கடிகாரம் உதவாது. மேலே உள்ள விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு கீறலும் நிழல் போடும். மரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே எல்லா இடத்தையும் பாருங்கள். கீறல்கள் எல்லாம் ஒரே சீராக இருந்தால் அந்த நம்பர் முடிந்தது. சீரான கோடுகளுக்கிடையே ஒன்றிரண்டு தடித்த கோடுகள் தெரிந்தால் அவை முந்தைய தாளின் மிச்சம். அங்கேயே தொடர வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள், இயந்திரம் நின்றிருக்கும்போதுதான். ஈரமான ஒரு நிமிடத்துக்கு, எண்ணெய் பூசினால் மரம் எப்படி இருக்குமோ அப்படியே தெரியும். என் மாமரக் கிண்ணத்துக்கு நான் செய்யத் தவறியது இதுதான். ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விடும், தொடர்ந்து தேய்க்கலாம். பென்சில் முறையும் உண்டு. பரப்பின் மேல் லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் தாள் எட்டாத இடத்தில் பென்சில் கோடு எஞ்சி நிற்கும்.

பிறகு தூளை முழுவதும் தட்டித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தாளைத் தொட வேண்டும். 120 நம்பர் தாளிலிருந்து உதிர்ந்த ஒரு பரல் மரத்தில் ஒட்டியிருந்தால், 320 நம்பர் தாளுக்கு அடியில் அது உருண்டு உருண்டு 120இன் கீறலைப் போட்டுக்கொண்டே இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தனிக் கோடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தால், என் அனுபவத்தில், முதல் தாளுக்கே மொத்த நேரத்தில் பாதி போய்விடுகிறது. அடுத்த தாள்கள் ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். கடைசி இரண்டு தாள்கள் தொட்டு எடுத்தாற்போல முடிந்துவிடும்.

துரப்பண இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குக் கிண்ணத்தில் இன்னொரு வழி இருக்கிறது. 5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு மெத்தையில் வெல்க்ரோவால் ஒட்டும் வட்டத் தாளை மாட்டி, கிண்ணம் மெதுவாகச் சுழலும்போது தானும் சுழலும்படி பிடிப்பது. இரண்டும் சுழல்வதால் கீறல் ஒரே திசையில் விழாமல் நாலா பக்கமும் வளைந்து விழும், கண்ணுக்குப் பிடிபடாது. வட்டத்தின் ஓர் ஓரம் மட்டும் மெதுவாகப் பட வேண்டும். முழு வட்டமும் அழுந்தினால் துள்ளும், விளிம்பு குத்தினால் பிறை வடிவப் பள்ளம் விழும்.

கட்டில் காலிலும் பம்பரத்திலும் உள்ள மணி போன்ற புடைப்புகளுக்கும், இடையில் உள்ள கூர்மையான வெட்டுகளுக்கும் இந்த முரட்டு வழிகள் ஆகாது. உளி உண்டாக்கிய கூர்மைதான் அவற்றின் அழகு. தாளைப் பரப்பிப் பிடித்தால் மணி மழுங்கிச் சோப்புக்கட்டி போலாகிவிடும். மடித்த தாளின் விளிம்பால் பள்ளத்தைத் தனியாகவும் மணியின் இரு சரிவுகளைத் தனித்தனியாகவும் தொட வேண்டும். இங்கெல்லாம் 180க்குக் கீழ் இறங்கவே கூடாது என்பது என் கருத்து.

தூள்

இதைக் கடைசியில் சொல்வதால் சிறிய விஷயம் என்று எண்ண வேண்டாம். உளி சீவல்களை உண்டாக்குகிறது, அவை காலடியில் விழும். தாள் உண்டாக்கும் தூளில் மிக நுண்ணியது கண்ணுக்குத் தெரியாமல் காற்றிலேயே நெடுநேரம் மிதக்கும், நுரையீரலின் ஆழம் வரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் 1995இல் சேர்த்தது. இது தவிர, தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். ஈட்டி மரத் தூள் ஒவ்வாமைக்குப் பேர்போனது.

கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் N95 வகை முகக்கவசம் குறைந்தபட்சத் தேவை. மின்விசிறியைப் பின்னாலிருந்து வைத்து, தூளை உங்களிடமிருந்து வாசல் பக்கம் தள்ளுங்கள். வேக்குவம் குழாயின் வாயைத் தாளுக்கு நேர் எதிரே ஒரு சாண் தொலைவில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தேய்த்து முடித்தவுடன் கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள், மிதக்கும் தூள் இன்னும் அங்கேயே இருக்கிறது.

எங்கே நிறுத்துவது?

அது பூச்சைப் பொறுத்தது. சமையலறையில் புழங்கும் கரண்டிக்கும் சப்பாத்திக் கட்டைக்கும் 240 போதும். தண்ணீர் பட்டால் நார் எழும் என்பதால், 240 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழுந்த நாரை அதே 240இன் பழகிய துண்டால் ஒரு முறை தடவி எடுங்கள். எண்ணெய் பூசும் கிண்ணத்துக்கு 320. மிக நுண்ணிய தாளால் மரத்தை மினுக்கிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்கத் தயங்கும். கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சுக்கு மட்டும் 400ம் அதற்கு மேலும் போகலாம்.

கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மெருகு நினைவிருக்கும். வெட்பாலை மரம், வெண்மையாகவும் நார் தெரியாத அளவுக்கு நெருக்கமாகவும் இருப்பது. கடைந்து தேய்த்த பிறகு, சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டுகிறது. பிறகு தாழை மடலை அழுத்திப் பிடித்து அரக்கைப் பரப்பி மினுக்குகிறார்கள். தாள் பிடிக்கும்போது நாம் அஞ்சி ஒதுக்கும் அதே சூட்டை, அங்கே அளவறிந்து வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய் பூசுவதற்கு முன் நான் கடைசியாகச் செய்வது, அதே மரத்திலிருந்து விழுந்த சீவல்களில் ஒரு கைப்பிடியை அள்ளி, சுழலும் கிண்ணத்தின் மேல் மென்மையாக அழுத்துவது. 400 நம்பர் தாள் தராத ஒரு மங்கல் ஒளியை அது தருகிறது. எண்ணெயை இயந்திரம் நின்றிருக்கும்போது துணியால் பூசலாம். சுழலும்போது பூசுவதானால் எளிதில் கிழியும் டிஷ்யூ தாளைப் பயன்படுத்துங்கள், துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், சுற்றிலும் மரத்தூள் வேறு கிடக்கிறது. கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள்.